மழை பொய்த்த வருஷத்தில் மகளிர் குழு உடைவது எங்கே?

கோடையில் ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் வந்தால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்குப் போவார்கள். காவிரிக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் மொள்ள வேண்டும். நாலு கொட்டாங்குச்சி மொண்டால் அடியில் மணல் தெரியும். மறுபடி ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்திருப்பவரிடம் போய், "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குழுக் கூட்டம், வராவிட்டால் 10 ரூபாய் அபராதம்" என்றால் எப்படி இருக்கும்?

நான் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநராக, அதாவது கூட்டத்தை நடத்துபவராக இருந்தபோது அப்படித்தான் சொன்னேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்துபோன வருஷம் அது. நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டும் செல்லாமல் போனது. அடுத்த ஜனவரியில் மாநிலமே வறட்சியில் இருப்பதாக அரசு அறிவித்தது. மூன்று கூட்டத்துக்கு ஆள் குறைந்தது, அபராதம் ஏறியது, அபராதத்துக்குப் பயந்தே நாலாவது கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. கடைசியில் ஒரு மூத்த உறுப்பினர்தான், "கூட்டத்தை ஊற்றங்கரையில் வையேன், எல்லாரும் அங்கேதானே கிடக்கிறோம்" என்றார். அன்று முதல் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். வறட்சியில் கூட்ட நேரத்தை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், கூட்டத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். கூட்டம் நின்ற குழுவில் யாருக்கு என்ன கஷ்டம் என்பதே அடுத்தவருக்குத் தெரியாமல் போகிறது.

அடுத்தது சேமிப்பு. "இந்த வருஷம் சந்தா வேண்டாம், இருப்பதைப் பிரித்துக்கொள்வோம்" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். அவர் மேல் தப்பில்லை, வீட்டில் அரிசி இல்லாததால் கேட்கிறார். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர் மாதம் 100 ரூபாய் வீதம் ஐந்து வருஷம் சேர்த்தது 72,000 ரூபாய். பிரித்தால் ஆளுக்கு 6,000. தண்ணீர் வண்டிக்கும் பலசரக்குக் கடைப் பாக்கிக்கும் கொடுத்தால் இரண்டு மாதம் தாங்குமா? பிரிக்காமல் இருந்தால் அதே 72,000-ஐக் காட்டி வங்கியில் அதைப்போலப் பல மடங்கு கடன் கேட்கலாம். கூட்டம், சேமிப்பு, உள்கடன் (சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுப்பது), தவணை, கணக்கு நோட்டு என்ற ஐந்தும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கிறது. கலைத்துவிட்டால் மறுபடி முதல் கூட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். 100 முடியவில்லையா, 20 ரூபாய் போடுங்கள். எத்தனை மாதத்துக்கு 20 என்பதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

தவணை விஷயத்தில்தான் அதிகமாக மனம் முறிகிறது. ஒருவர் குழுவில் 2 வட்டிக்கு 10,000 வாங்கியிருக்கிறார், மிளகாய் கருகிவிட்டது, கட்ட முடியவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாலு மாதத்தில் வட்டி மட்டும் 800 சேர்ந்து நிற்கும். ஐந்தாவது மாதம் யாரோ குழாயடியில் கேட்டுவிட, அதோடு பேச்சு வார்த்தை நின்றுபோகும். கேட்காமல் இருப்பதைப் போய் இரக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். கூட்டத்தில் வாய்விட்டுப் பேசுவதுதான் இரக்கம். "நாலு மாதத்துக்கு அசல் வேண்டாம், மாதம் 200 வட்டி மட்டும் கட்டட்டும்" என்று தீர்மானம் போட்டால் அவரும் தலைநிமிர்ந்து வருவார். அதுகூட முடியாதவருக்கு வட்டியைக் குறைத்துக்கொள்ளலாம், பணம் நம்முடையதுதானே. "நூறு நாள் வேலைச் சம்பளம் வந்ததும் கட்டுகிறேன்" என்பதை நம்பி மட்டும் தேதி குறிக்காதீர்கள். அந்தச் சம்பளம் எப்போது கணக்கில் ஏறும் என்பது அவர் கையில் இல்லை.

வங்கிக் கடனுக்கு இந்த விட்டுக்கொடுப்பை நாமாகச் செய்ய முடியாது. தவணை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடனில் போய்விடும். அதற்கு முன்பே இரண்டு பேர் தீர்மான நோட்டோடு மேலாளரைப் பார்த்துத் தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள்.

சரி, வங்கித் தவணையைக் கட்ட வாரக் கடன் கம்பெனியில் வாங்கலாமா? கூடாது. அங்கே ஒருவர் கட்டாவிட்டால் கூட இருப்பவர்கள் கட்ட வேண்டும். வாரம் பிறந்தால் ஆள் வாசலில் நிற்பார். அதைக் கட்டுவதற்காகக் குழுவில் ஒரு கடன், குழுவுக்குக் கட்ட இன்னொரு கம்பெனி என்று போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் கழுத்துச் செயின் போகும், அப்புறம் பிள்ளையின் படிப்பு நிற்கும்.

குழுப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ஆசையும் அப்படித்தான். எங்கள் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்காமல் கடன் தராதீர்கள். தீவனம் இல்லாத மாதத்தில் புதிதாக மாடு வாங்கக் கடன் கொடுப்பதும் வேண்டாம். இருக்கிற இரண்டு பெட்டை ஆட்டை விற்காமல் காப்பாற்ற வைக்கோலுக்குக் கொடுங்கள். எல்லாரும் ஒரே மாதத்தில் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டினால் வியாபாரி சொன்னதுதான் விலை.

கடைசியாக, ஊரை விட்டுப் போனவர்கள். மரத்தை எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்டத்துக்கோ, செங்கல் சூளைக்கோ, திருப்பூருக்கோ குடும்பத்தோடு போய்விடுவார்கள். மூன்று கூட்டம் வரவில்லை என்று பெயரை அடித்துவிடுகிறோம். அடிக்காதீர்கள். போகும் முன் போன் நம்பரை வாங்கி வைத்து, கூட்டம் நடக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். அப்படிப் பேசிவந்த ஒருவர் ஆடி மாதம் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே என்னிடம் வந்து ஆறு மாதச் சந்தாவை எண்ணிக் கொடுத்தார்.