கதைக்காக ஒரு வீடியோ கேமைத் தேர்ந்தெடுப்பதும் ஆடுவதும்

வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மாலை வேளையில் கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஓர் ஆட்டம் சுவைக்கக் கதை வேண்டியதில்லை என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. சிவப்புக் காயைப் போட்டவர் ஏன் உடனே ஃபாலோவாக இன்னொரு காயைப் போட வேண்டும் என்று அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. வீடியோ கேம்களிலும் இதே நிலைதான். 1984-இல் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய, விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸில் கதை என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் இன்றுவரை உலகம் அதை ஆடிக்கொண்டிருக்கிறது. பிஜிஎம்ஐ என்ற கைபேசிச் சுடும் விளையாட்டை ஆடும் பிள்ளைகளோ, ஆடுகள வட்டம் சுருங்கிய கடைசி நிமிடத்தில் யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பதை மறுநாள் டீக்கடையில் சொல்லிச் சொல்லித் தங்களுக்கான கதையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே, கதை இருக்கிறது என்பதற்காகவே ஒரு கேம் சுவை மிகுந்ததாகிவிடாது. கதை ஆட்டத்தோடு சரியாகப் பொருந்திய கேம்கள் தரும் அனுபவமோ வேறெதிலும் கிடைக்காது. அத்தகைய கேமை அடையாளம் காண்பதற்கும், காசும் நேரமும் வீணாகாமல் அதை ஆடி முடிப்பதற்கும் உதவும் சில வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, கதை எங்கே நடக்கிறது என்பதை. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கும் கட்சீன் என்னும் காட்சிகளில் மட்டும் கதை நடந்து, கையில் எடுத்தவுடன் அது நின்றுவிடுகிறது என்றால், அங்கே ஒரு திரைப்படமும் ஒரு விளையாட்டும் மாறி மாறி ஓடுகின்றன என்று பொருள். நம் கை செய்யும் வேலையிலேயே கதை நடந்தால்தான் அது ஆட்டத்தின் சுவையைக் கூட்டுகிறது. இதை உணர்வதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது 2013-இல் லூகாஸ் போப் வெளியிட்ட பேப்பர்ஸ், ப்ளீஸ் என்னும் கேம். 2022 முதல் அது கைபேசியிலும் கிடைக்கிறது. கற்பனையான ஒரு நாட்டின் எல்லைச் சாவடியில் அமர்ந்து, வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து முத்திரை குத்துவதே அதில் நம் வேலை. சரியாக முடித்த ஒவ்வொருவருக்கும் கூலி உண்டு. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கையும், அதற்கு மேல் அபராதமும் உண்டு. மாலையில் அந்தக் கூலியைக் கொண்டு வாடகை, உணவு, குளிர் தாங்கும் கணப்பு ஆகிய செலவுகளைச் சமாளிக்க வேண்டும். காசு போதாத நாளில் எதை விடுவது என்று நாமே முடிவு செய்ய, வீட்டில் இருப்பவர்கள் நோயில் விழுகிறார்கள்.

இந்த நிலையில் ஒருவர் சரியான ஆவணங்களுடன் வந்து சாவடியைக் கடக்கிறார். அடுத்து வருபவர் தன் மனைவி என்று சொல்லிவிட்டுப் போகிறார். மனைவியிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. பச்சை முத்திரையைக் குத்தினால் நம் கணக்கில் ஒரு தவறு ஏறும். சிவப்பைக் குத்தினால் கணவன் அந்தப் பக்கமும் மனைவி இந்தப் பக்கமுமாக நிற்பார்கள். வசனம் ஒன்றிரண்டு வரிகள்தான். ஆனால் முத்திரையைப் பிடித்திருக்கும் கை சற்றே தயங்குகிறது அல்லவா, அந்தத் தயக்கம்தான் கதை. இதையே படமாக எடுத்திருந்தால் அதிகாரியின் முகத்தைப் பார்த்து நாம் பரிதாபப்பட்டிருப்போம், அவ்வளவுதான்.

துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற ராயபுரம், காசிமேடு வாசகர்களுக்கு லூகாஸ் போப்பே செய்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) இன்னும் நெருக்கமாக இருக்கக்கூடும். காணாமற்போன ஒரு வணிகக் கப்பல் 1807-இல் ஆளின்றிக் கரை திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளராக நாம் அதில் ஏறி, கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்பதைக் கண்டறிய வேண்டும். இந்திய மாலுமிகளும் அவர்களுள் உண்டு. யாரும் நமக்குக் கதை சொல்வதில்லை. ஒருவர் இறந்த கணத்தைக் காட்டும் ஒரு கடிகாரம் மட்டும் நம் கையில் உண்டு. உடை, பேச்சின் சாயல், யார் யாருடைய பக்கத்தில் நிற்கிறார் போன்ற குறிப்புகளிலிருந்து கதையை நாமே கட்ட வேண்டும். மூவருடைய விவரம் சரியாக அமைந்த பிறகே அது சரியென்று கேம் உறுதி செய்வதால், குருட்டாம்போக்கில் ஊகிப்பதும் எளிதன்று. நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

இவை கடினமாகத் தோன்றினால் ஃப்ளாரன்ஸ் (2018) என்ற கைபேசி கேமில் தொடங்கலாம்; ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புதிதாகச் சந்தித்த இருவர் பேசும்போது, பேச்சுக் குமிழியை அமைக்கப் பல துண்டுகளைப் பொருத்த வேண்டியிருக்கிறது. பழக்கம் கூடக் கூடத் துண்டுகள் குறைகின்றன. பேசுவது எளிதாகிவிட்டது என்பதை விரல்தான் முதலில் அறிகிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பா (2023) என்ற கேமும் இவ்வகையே. அழிந்தும் கறைபட்டும் போன சமையல் குறிப்பேட்டில் விட்டுப்போன இடங்களை ஊகித்து இட்லியும் புட்டும் சமைக்க வேண்டும். இட்லித் தட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் புதிர் சற்று எளிதாகவே இருக்கும். 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதை அது பெற்றது.

பெரிய பட்ஜெட் கேம்களைப் பொறுத்தவரை என் கருத்து கலவையானது. ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 (2018) உருவாக்கிய பாத்திரங்களுக்கு ஈடு மிகக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் முக்கியப் பணிகளில், காட்டிய பாதையை விட்டுச் சற்று விலகினாலே பணி தோல்வி என்று திரை சொல்லிவிடுகிறது. பரந்த உலகைக் கொடுத்துவிட்டு, கதை வரும் நேரத்தில் மட்டும் கையைப் பிடித்து இழுத்துச் செல்வது எனக்கு உவப்பாக இல்லை. கதையைப் பார்த்து ரசிப்பதே போதும் என்பவர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றாமலும் போகலாம். நீங்கள் எந்த வகை என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஆடிக்கொண்டிருக்கும் கேமில் ஒரு கட்சீனை வேண்டுமென்றே ஸ்கிப் செய்யுங்கள். அடுத்த அரை மணி நேரம் ஆட்டத்தில் எதுவும் குறையவில்லை என்றால், அந்த கேமின் கதை உங்களுக்குத் தேவைப்படவில்லை. அதை அடிதடிக்காகவே ஆடலாம், தவறில்லை. மனம் அரிக்கிறது என்றால், முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு (சேவ்) திரும்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆடும் இடமும் முக்கியம். மணிக்கணக்கில் காசு வாங்கும் தெருமுனை கேமிங் சென்டர்கள் கதை கேமுக்கு ஏற்றவை அல்ல. உங்கள் சேவ் அடுத்த முறையும் அதே மெஷினில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பக்கத்து இருக்கையில் நால்வர் ஃபிஃபாவில் கோலுக்குக் கூச்சலிடும்போது ஒரு தந்தையும் மகளும் மெல்லிய குரலில் பேசும் காட்சி காதில் விழவும் விழாது. அங்கே நண்பர்களோடு போட்டியாக ஆடக்கூடியவற்றை ஆடிவிட்டு, கதை கேமை வீட்டில் உள்ள கணினிக்கோ கைபேசிக்கோ ஒதுக்கி வையுங்கள். ஓர் அறை வீடாக இருந்தால் ஹெட்ஃபோன் அவசியம். அல்லது வீட்டாரையே சேர்த்துக்கொள்ளலாம்: டெட்ராய்ட்: பிகம் ஹியூமன் (2018) போல முடிவெடுக்கும் கேம்களில் ஒருவர் ஆட, அண்ணனும் தங்கையும் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சண்டையிடுவது தனியாக ஆடுவதைவிட மேலாகவே இருக்கிறது.

மொழித் தடையை மறைப்பதற்கில்லை. பெரும்பாலான கதை கேம்களில் ஆங்கிலம்தான். தமிழ் சப்டைட்டில் அரிது. ஆங்கில சப்டைட்டிலை முதலிலேயே ஆன் செய்து, எழுத்தின் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். வேகமாகப் படிப்பது சிரமம் என்றால், லிம்போ (2010), ஜர்னி (2012), க்ரிஸ் (2018) போன்று பேச்சே இல்லாமல் கதையை நடத்துகிற கேம்கள் இருக்கின்றன. லிம்போவும் க்ரிஸும் ஆண்ட்ராய்டிலேயே கிடைக்கும்.

கதைக்காக ஆடும்போது கடினநிலையைக் குறைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். தி விட்சர் 3 (2015) கேமில் கதை மட்டும் போதும் என்பவர்களுக்கென்றே ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். ஒரே எதிரியிடம் இருபது முறை செத்தால் கதையின் ஓட்டம் அறுந்துவிடும். யூடியூபில் யாரோ ஆடியதை முன்கூட்டியே பார்ப்பதையும் தவிருங்கள். பேப்பர்ஸ், ப்ளீஸில் அந்த மனைவிக்கு என்ன செய்தால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு, கை தயங்குவதற்கு ஒன்றும் இருக்காது.

வாங்கும்போது, கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீமின் விதியை நினைவில் கொள்ளுங்கள். வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே முதல் இரண்டு மணி நேரத்தை மெனுவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதில் செலவழிக்காமல், ஒரே அமர்வில் ஆடிப் பாருங்கள். பெரிய கேம்கள் நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். டவுன்லோடைத் தொடங்குமுன் டேட்டா வரம்பையும் டிஸ்கில் உள்ள இடத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. தேர்வுக்காகவோ வேலைக்காகவோ ஒரு மாதம் நிறுத்திவிட்டுத் திரும்பும்போது, விட்ட இடத்திலிருந்து தொடராமல், அந்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போய் ஆடுங்கள். யார் எதற்காகக் கோபமாக இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்; எந்த பட்டன் எதற்கு என்பதும் அதற்குள் விரலுக்கு நினைவு வந்துவிடும்.