சாவியைக் கொடுப்பதற்கு முன்: வாடகை முன்பணத்தைத் திரும்பப் பெறும் வழி

கடந்த ஆண்டு வீடு மாறியபோது என் முன்பணத்தில் பாதிக்கு மேல் பிடித்தம் என்று தகவல் வந்தது. ஏறக்குறைய முழுவதையும் மீட்க நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாத அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நோட்டீஸ் காலத்தை மதிப்பது, வாடகை பாக்கி வைக்காமல் இருப்பது ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவையே. அவற்றைத் தாண்டிச் செல்கிறேன்.

1. காலக்கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் 21 நாட்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான தனியார் வாடகை வீடுகளுக்கு, முன்பணம் பெற்ற 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அது சேர்க்கப்பட வேண்டும். தகராறு வந்தால் அந்தத் திட்டமே கட்டணம் இல்லாமல் தீர்த்துவைக்கும். ஜெர்மனியில் சட்டம் நாள் குறிக்கவில்லை. சில மாதங்கள் காத்திருக்க நேரும். உங்கள் இடத்துக்கான நாளைக் கண்டுபிடித்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பிற்பாடு எழுதும் கடிதத்துக்கு அந்தத் தேதிதான் பலம்.

2. வெற்று வீட்டைப் படம் எடுங்கள்

பொருள்களெல்லாம் போன பிறகு, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஒவ்வோர் அறைக்கும் முழுத்தோற்றம் ஒன்று, கறையோ கீறலோ உள்ள இடத்துக்கு அருகிலிருந்து ஒன்று. கீறலுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அதன் அளவு பற்றிப் பேச்சே எழாது. மின்சார மீட்டரின் எண்கள், அலமாரிகளின் உட்புறம், சமையலறைத் தொட்டிக்கு அடிப்பகுதி ஆகியவற்றை மறக்க வேண்டாம்.

வீடியோவை விடப் படங்களே மேல் என்பது என் கருத்து. விசாரிப்பவர் பத்து நிமிட வீடியோவில் ஒரு கீறலைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில், அது எடுக்கப்பட்ட தேதி பற்றிய உள்விவரங்கள் அழிந்துவிடும். அன்றைக்கே மூலப்படங்களை உங்களுக்கும் உரிமையாளருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

3. சேர்ந்து சுற்றிப் பாருங்கள், கையெழுத்து வாங்குங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். லாரி வாசலில் காத்திருந்தது. உரிமையாளர் ஊரில் இல்லை. "சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பட்டியல் வந்தது: சமையலறைத் தொட்டிக்கு அடியில் உள்ள பலகை உப்பிவிட்டது, வீடு முழுவதும் வண்ணம் பூச வேண்டும், சுத்தம் செய்யும் கூலி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. நான் போன அன்று வீடு எப்படி இருந்தது என்று இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

ஆகவே ஒரு தாளில் தேதி, மீட்டர் அளவு, ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கை, அறைவாரியாகக் கண்ட குறைகள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். குறை இல்லை என்றால் "குறை இல்லை" என்றே எழுதுங்கள். உரிமையாளரால் வர முடியாவிட்டால் அவர் சார்பில் ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால், சாவியை வாங்கிக்கொள்பவரிடம் தேதியிட்ட ரசீதாவது வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். லாரி அரை மணி நேரம் நிற்பதால் ஆகும் செலவு, முன்பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

4. பிடித்தங்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்

மொத்தத் தொகையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். முதல் இரண்டு வாரங்கள் நான் அதைத்தான் செய்தேன்; "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கும்போதே தவறு நம் பக்கம்தான் என்று ஆகிவிடுகிறது. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் காரணம், தொகை, ரசீது மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

பலகையில் தொடங்கினேன். பழைய செய்திகளைத் தேடியபோது, அங்கே குடியேறிய இரண்டாம் ஆண்டில் நானே அனுப்பிய ஒரு படம் கிடைத்தது. குழாய் இணைப்பின் அடியில் ஒரு நீர்த்துளி தொங்குகிறது; கீழே வைத்த கிண்ணத்தில் பாதிவரை தண்ணீர். "ஆள் அனுப்புகிறேன்" என்ற பதிலும் அதன் கீழே இருந்தது. ஆள் வரவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பினேன். பலகைக்கான பிடித்தம் நீங்கியது. வீட்டில் எது பழுதானாலும் அன்றே எழுத்தில் சொல்லிவையுங்கள் என்று நான் எல்லோரையும் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது வண்ணம். குடியிருந்ததால் இயல்பாக வந்த தேய்மானம் வேறு, நாம் செய்த சேதம் வேறு. வெயிலில் மங்கிய சுவர் தேய்மானம்; ஆணி அடித்துப் பெயர்ந்த காரை சேதம். சேதமே ஆனாலும் புதிதாகப் பூசும் முழுச்செலவும் நம்முடையது ஆகாது. ஐந்து ஆண்டு தாங்கும் பூச்சு, நாம் போகும்போது நான்கு ஆண்டு பழையது என்றால், மிச்சமிருந்த மதிப்பு ஐந்தில் ஒரு பங்குதான். கூடத்தின் ஒரு சுவரில் ஆணி அடித்தது நான். அந்தச் சுவருக்கு மட்டும் இந்தக் கணக்குப்படி தர ஒப்புக்கொண்டேன். தவறு நம்முடையது என்றால் ஒப்புக்கொள்வது நல்லது. மற்றவற்றில் நம் சொல்லுக்கு மதிப்புக் கூடுகிறது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலில் சொன்ன 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு என்றும், குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு என்றும் அதில் பிரித்திருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

5. கடிதம்

பதில் வராவிட்டால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதுங்கள்: காலி செய்த தேதி, கொடுத்த முன்பணம், நீங்கள் ஏற்கும் பிடித்தம், வரவேண்டிய மீதி, வங்கிக் கணக்கு விவரம், 14 நாள் கெடு. கோபத்தைக் காட்டும் ஒரு சொல்கூட வேண்டாம். நாளை நடுவர் ஒருவர் படிக்கப்போகும் கடிதம் இது. மின்னஞ்சலோடு, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலிலும் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் இடத்தின் வாடகை அதிகாரி அல்லது சிறு வழக்கு மன்றம். சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு ஒப்பந்தங்களுக்குச் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயம் இருக்கிறது.

பின்சேர்க்கை: முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்ததாகவும் ரசீது இல்லை என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வீட்டில் இருக்கும்போதே, "நான் கொடுத்த முன்பணம் இவ்வளவு, சரிதானே?" என்று ஒரு செய்தி அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மீண்டும் ஒரு சேர்க்கை: பாதித் தொகையை மட்டும் அனுப்பினால் வாங்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். பணம் கணக்கில் ஏறிய அன்றே இப்படி எழுதி அனுப்புங்கள்: "இத்தொகையை முன்பணத்தின் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டேன், மீதி இன்னும் வரவேண்டியிருக்கிறது."