சுமேரியர்களின் பாப்பிர் பீர்: முதல்முறை செய்பவர்களுக்கு

பழங்கால பீர் வகைகளில் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் பாப்பிர் என்ற பார்லி ரொட்டியில் செய்யும் சுமேரிய பீரைச் சொல்வேன். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் காப்பும் தரும் பூ) வேண்டாம், மணிக்கணக்கில் கொதிக்க வேண்டாம், ஒரு வாரத்தில் குடிக்கத் தயாராகிவிடும். பின்பற்ற ஒரு மூல ஆவணமும் இருக்கிறது. நின்காசி, சுமேரியர்கள் வாழ்ந்த மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) பீர் தெய்வம். கி.மு. 1800 வாக்கில் களிமண் பலகையில் எழுதப்பட்ட அவளுடைய துதிப்பாடல், மாவு பிசைவது முதல் வடித்து ஊற்றுவது வரை வேலைகளை வரிசையாகச் சொல்கிறது. அதைச் சுமேரிய மொழி அறிஞர் மிகேல் சிவில் 1964-இல் மொழிபெயர்த்தார். சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி 1989-இல் அதை வைத்து பீரே தயாரித்தது.

பாடலில் அளவும் இல்லை, வெப்பநிலையும் இல்லை. கீழே இருப்பவை இன்றைய சமையலறைக்கு ஏற்ற என் கணக்கு; ஏறக்குறைய 4 லிட்டர் கிடைக்கும்.

தொடங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பீர் செய்யலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்; அங்கே இதைச் செய்ய வேண்டாம்.

தேவையானவை: உடைத்த வெளிர் பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 600 கிராம், பார்லி மாவு 200 கிராம், தேன் இரண்டு மேசைக்கரண்டி, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், ஏல் ஈஸ்ட் (பீர் செய்யும் ஈஸ்ட்) 5 கிராம், தண்ணீர் 5 லிட்டர். பெரிய பாத்திரம், தெர்மாமீட்டர், மஸ்லின் துணி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) பொருத்திய 5 லிட்டர் கண்ணாடி ஜாடி. தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

முதல் நாள்: பாப்பிர்

பார்லி மாவில் தேனும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, 180 டிகிரி ஓவனில் 40 நிமிடம் சுடுங்கள். அப்புறம் துண்டுகளாக உடைத்து, 150 டிகிரியில் இன்னும் அரை மணி நேரம். ரஸ்க் மாதிரி காய்ந்து நொறுங்க வேண்டும். பாப்பிர் உண்மையிலேயே ரொட்டிதானா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு முறை சுட்ட ரொட்டி தரும் வறுத்த வாசனைக்காகவே நான் இந்த வழியை விரும்புகிறேன்.

இரண்டாம் நாள்: ஊறவைத்தல்

இங்கேதான் பீர் உருவாகிறது, அதனால் அவசரம் வேண்டாம். மூன்று லிட்டர் தண்ணீரை 71 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, மால்ட்டையும் நொறுக்கிய பாப்பிரையும் போட்டுக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். சூடு 66 டிகிரி பக்கம் இறங்கும். மூடி, கனமான துண்டால் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள்.

மால்ட்டில் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பாப்பிரில் என்சைம் மிச்சம் இருக்காது, ஓவன் சூட்டில் அழிந்திருக்கும். அதன் மாவுச்சத்தையும் மால்ட்தான் மாற்றியாக வேண்டும். சூடு 75-ஐத் தாண்டினால் மால்ட்டின் என்சைமும் போய்விடும், கையில் கஞ்சிதான் மிஞ்சும். சந்தேகமா? ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் எடுத்து அயோடின் விடுங்கள். கருநீலமானால் இன்னும் இருபது நிமிடம் பொறுங்கள். சோதித்த சொட்டைக் கொட்டிவிடுங்கள்.

துணியில் வடித்து, மிச்சம் இரண்டு லிட்டர் தண்ணீரை 75 டிகிரியில் சக்கைமேல் மெதுவாக ஊற்றி இனிப்பைக் கழுவி எடுங்கள்.

கொதியும் ஈஸ்ட்டும்

வடித்த நீரில் நறுக்கிய பேரீச்சம்பழத்தைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். சுமேரியர்கள் இப்படிக் கொதிக்க வைத்தார்கள் என்று பாடல் சொல்லவில்லை. ஆனால் தானியத்தின் உமியில் புளிக்க வைக்கும் பாக்டீரியா நிறைய இருக்கும். முதல்முறை செய்பவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து 22 டிகிரிக்கு ஆற்றுங்கள். இதற்குமேல் படும் ஜாடி, கரண்டி எல்லாம் கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். பழத்தோடு ஜாடியில் ஊற்றி, நுரைக்கு இடம் விட்டு, ஈஸ்ட்டைத் தூவி ஏர்லாக்கைப் பொருத்துங்கள். 20 முதல் 24 டிகிரியில் நான்கைந்து நாளில் குமிழ்கள் அடங்கும். இறுக்கி மூடவே கூடாது, பாட்டிலில் அடைத்தும் வைக்காதீர்கள்: வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கும்.

வடித்து, தளர்வான மூடியோடு ஃப்ரிட்ஜில் வைத்து, நான்கைந்து நாளுக்குள் குடித்துவிடுங்கள். காக்க ஹாப்ஸ் இல்லாததால் நாளாக ஆகப் புளிக்கும். ஹாப்ஸ் போட்டுத் தப்பிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போட்டால் நல்ல பீர் வரலாம், ஆனால் அது சுமேரிய பீர் இல்லை.

சுமேரியர்கள் ஜாடியிலிருந்தே நீண்ட குழாயால் உறிஞ்சிக் குடித்தார்கள். ‘ஊர்’ (Ur) என்ற சுமேரிய நகரத்தில் புவாபி அரசியின் கல்லறையில் பொன்னும் நீலக்கல்லும் பதித்த குழாய்கள் கிடைத்திருக்கின்றன. நீங்களும் வடிக்காமல் குடித்துப் பார்க்க ஆசைப்பட்டால், ஸ்ட்ராவின் அடி நுனியில் மஸ்லின் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பாப்பிரை இன்னும் பத்து நிமிடம் கருக்கச் சுட்டால் காபி வாசனை கூடும். பேரீச்சம்பழத்தைப் பாதியாகக் குறைத்தால் தானியத்தின் சுவை முன்னால் வரும். இரண்டையும் ஒன்றாக மாற்றாதீர்கள், எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.