வாவிக் கரையில் செய்யக்கூடாதவை

ஏப்ரல் வந்தால் நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. புல்லில் பாய் விரித்துச் சாப்பிடுவது, படகில் சுற்றுவது, பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றுவது எல்லாம் சரிதான். பூங்கா அதற்காகத்தான் இருக்கிறது. சிக்கல், சாப்பிட்டு முடித்த பிறகு தொடங்குகிறது.

தட்டு, சோற்றுப் பானை, சில வேளை வந்த வேனைக்கூட வாவித் தண்ணீரில் கழுவுகிறார்கள். இத்தனை பெரிய வாவிக்கு இந்த நுரை என்ன செய்துவிடும் என்று நினைப்புப் போலும். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், ஓடையை மறித்து உண்டாக்கிய வாவி இது. மழை பெய்தாலே மரக்கறித் தோட்டங்களின் மண்ணும் உரமும் இதற்குள் வந்து இறங்குகின்றன. அதன்மேல் எண்ணெயும் எச்சில் சோறும் சவர்க்காரமும் சேர்ந்தால் பாசி கொழுக்கும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் ஒட்சிசன் குறையும். மீன் மூச்சுக்குத் தவிக்கும். அப்புறம், இதே தண்ணீர்தான் நானு ஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது. கீழே அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து பானையை வீட்டில் கழுவுங்கள்.

பறவைகளுக்குப் பாண் போடுவதும் வேண்டாம். வயிறு நிரம்பும், சத்து சேராது. தின்னாமல் விட்டது அடியில் கிடந்து அழுகும். சோறு கட்டும் பிளாஸ்டிக் தாளான லஞ்ச் ஷீட்டும், நுரைபோன்ற ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017லேயே தடைசெய்யப்பட்டவை. வாழையிலையில் சோறு கட்டி வருவதே நல்லது, மணமும் கூடுதல்.

படம் எடுக்கக் கரையோரக் கோரைக்குள் இறங்காதீர்கள். நீர்க்கோழி கூடு கட்டும் இடம் அது. வரும் மண்ணைத் தடுத்து நிறுத்துவதும் அதுதான். பக்கத்திலேயே கல்வேஸ் லேண்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் இமயமலையிலிருந்து இந்தக் காடுகளுக்கு வந்து தங்கும். அங்கே ஸ்பீக்கர் போட்டால் பறவையும் இல்லை, அதைப் பார்க்க வந்தவருக்கு நிம்மதியும் இல்லை.

காசல்ரீ, மவுசாக்கலைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை மின்சாரத்துக்கான நீர்த்தேக்கங்கள், குளிக்கும் இடமல்ல. கரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும். நீச்சல் தெரிந்தவரையும் குளிர் விறைக்கவைக்கும். வறட்சியில் தண்ணீர் வற்றி, மவுசாக்கலைக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊர் வெளியே தெரியும்போது பார்க்க ஆசை வரும். மேலே காய்ந்து வெடித்த சேறு அடியில் இன்னும் இளகியிருக்கலாம். ஊர் ஆட்களிடம் கேட்டு, அவர்கள் நடக்கும் தடத்திலேயே நடங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.