சிசிஎன்ஏ எழுதப் போகிறீர்களா? கையைப் பழக்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே, சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏவைப் பாஸ் பண்ண முடியுமா என்று தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். வகுப்புக்காகக் கோலாலம்பூருக்கு ஓட வேண்டியதில்லை, ஆனால் புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் நடக்காது. 200-301 என்ற அந்தத் தேர்வு 120 நிமிடம். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு நடுவே, ரவுட்டரையும் (நெட்வொர்க்குகளை இணைக்கும் கருவி) சுவிட்சையும் (ஒரு நெட்வொர்க்கின் கணினிகளை இணைக்கும் கருவி) திரையில் கொடுத்து 'இதைச் செட் பண்ணு' என்று கேட்கும் லேப் கேள்விகளும் வரும். 'நெக்ஸ்ட்' அழுத்திவிட்டால் பழைய கேள்விக்குத் திரும்ப வழியே கிடையாது. அங்கே மூளை யோசிப்பதற்குள் விரல் கட்டளையை அடித்திருக்க வேண்டும்.

சாமான் வாங்கப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பழக உதவும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். யாராவது சிஸ்கோவின் பழைய 2960 மாடல் சுவிட்ச் ஒன்றை மலிவாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கணினியிலிருந்து நேராகக் கட்டளை அடிக்க உதவும் கன்சோல் கேபிளைச் செருகி நொடிக்கு 9600 பிட் வேகத்தில் முதல் முறை உள்ளே நுழையும் அனுபவம் வேறு. கிடைக்காவிட்டால் பரவாயில்லை, தேர்வுக்கு பேக்கெட் டிரேசரே போதும்.

இப்போது முக்கியமான விஷயம். பெரும்பாலோர் வீடியோவைப் பார்த்து அதில் வரும் கட்டளைகளை அப்படியே அடித்து, பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்ற சோதனை) போனதும் 'சரி, இந்தப் பாடம் முடிந்தது' என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். நான் சொல்வது, ஓடுகிற நெட்வொர்க்கைக் கெடுத்துவிட்டு மறுபடி சரி பண்ணுங்கள். இரண்டு சுவிட்ச், ஒரு ரவுட்டர், விலான் 10, விலான் 20 (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்), நடுவில் ஒரு டிரங்க் (பல விலான்களையும் சுமக்கும் இணைப்பு), இவ்வளவு போதும். எல்லாம் ஓடிய பிறகு வீட்டில் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, ஒரே ஒரு கட்டளையை மாற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் படித்த காலத்தில் என் தங்கச்சிதான் அந்த வேலையைச் செய்வாள். நான் ஒரு தாளில் பத்துக் கட்டளைகளை எழுதிக் கொடுப்பேன், அவள் அதில் ஒன்றை எனக்குத் தெரியாமல் அடித்துவிட்டுப் போவாள். ஒருநாள் 'சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவுட் விலான் 30' என்பதை அடித்துவிட்டாள். விளக்கெல்லாம் பச்சை. ஒரே சுவிட்சுக்குள் பிங் போகிறது, அடுத்த சுவிட்சுக்குப் போகவில்லை. நான் ஐபி முகவரியைப் பார்த்தேன், வெளியே போகும் வழியான கேட்வேயைப் பார்த்தேன், விலானுக்கு ஒன்றாகப் பிரித்த ரவுட்டரின் சப்-இன்டர்பேஸை இரண்டு முறை பார்த்தேன், அரை மணி நேரம் போய்விட்டது. கடைசியில் 'ஷோ இன்டர்பேஸஸ் டிரங்க்' அடித்தபோது அனுமதித்த விலான் பட்டியலில் 30 மட்டும் தனியாக நின்றது. 'ஆட்' என்ற சொல் இல்லாமல் அடித்தால் பழைய பட்டியலே அழிந்துபோகும். அன்றிலிருந்து டிரங்க் என்றாலே என் விரல் முதலில் அந்த ஷோ கட்டளைக்குத்தான் போகிறது.

இப்படிக் கெடுத்துப் பார்க்க ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் முறை இன்னொரு நல்ல இடம். பக்கத்து ரவுட்டர் பட்டியலில் வரவில்லை என்றால் ஏரியா (ரவுட்டர்களின் குழு) எண், நெட்வொர்க்கின் எல்லையைக் காட்டும் சப்நெட் மாஸ்க், ஹலோ செய்தி அனுப்பும் நேர இடைவெளி ஆகிய மூன்றையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஈதர்நெட்டில் ஹலோ 10 நொடி, டெட் (ஹலோ வராவிட்டால் உறவை விடும் நேரம்) 40 நொடி, ஒரு பக்கம் மட்டும் மாறினாலும் உறவு முறிந்துவிடும். ஹலோ அனுப்புவதை நிறுத்தும் பேசிவ்-இன்டர்பேஸைத் தெரியாமல் போட்டாலும் அதுவும் இதே வேலையைச் செய்யும். பக்கத்து ரவுட்டர் தெரிகிறது, ஆனால் தகவல் பரிமாற்றம் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நிற்கிறது என்றால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பொருந்துகிறதா பாருங்கள்.

ஒரு ஐபி முகவரி எந்த நெட்வொர்க்கில் விழுகிறது என்று காணும் சப்நெட் கணக்கைத் தினமும் கையால் போடுங்கள், தேர்வு அறையில் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. 172.16.37.200/20 எந்த நெட்வொர்க்? /20 என்றால் மாஸ்க் 255.255.240.0, அதன் மூன்றாவது எண் 240, 256-இலிருந்து கழித்தால் 16, ஆக 0, 16, 32, 48 என்று பதினாறு பதினாறாக ஏறுங்கள். 37 விழுவது 32-இல். நெட்வொர்க் 172.16.32.0, எல்லாருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 172.16.47.255. இது அரை நிமிடத்துக்குள் வரவேண்டும். காலையில் பசியாறுவதற்கு முன் ஐந்து கணக்குப் போட்டால் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

உண்மையான தேர்வுக் கேள்விகள் என்று விற்கிற தொகுப்புகளைத் தொடவே தொடாதீர்கள். அது விதிமீறல், பிடிபட்டால் சான்றிதழே போய்விடும். அதைவிட, வேலைக்குப் போன முதல் வாரமே சுவிட்ச் முன்னால் நின்று முழிக்க வேண்டியிருக்கும்.

லேப் கேள்வி வந்ததும் கை பரபரக்கும். முதலில் கேள்வியை முழுதாகப் படித்து, என்னென்ன கேட்கிறார்கள் என்று கொடுத்த பலகையில் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் 'ஷோ ஐபி இன்டர்பேஸ் பிரீஃப்' அடித்து இருப்பதைப் பாருங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' (கட்டளையால் அணைத்து வைத்த போர்ட்) என்று இருந்தால் 'நோ ஷட்டவுன்' போடாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. முடித்ததும் ஒவ்வொரு கருவியிலும் 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' அடித்துச் சேமித்துவிட்டு அப்புறம்தான் நெக்ஸ்ட்.

வீட்டிலிருந்தே எழுதவும் வசதி இருக்கிறது, ஆனால் யாரும் உள்ளே வராத தனி அறையும் விடாமல் நிற்கும் இணையமும் வேண்டும். நம் பக்கம் மத்தியானம் தாண்டினால் இடியும் மழையும் வந்து லைன் போய்விடுகிறது. கட்டணம் 300 அமெரிக்க டாலர், பெற்றோர் சேர்த்துக் கொடுத்த பணம். தேர்வு மையத்துக்கே போங்கள், காலை நேரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.