நவம்பர் 27இல் விளக்கேற்ற ஊருக்குப் போகிறவர்களுக்கு

நவம்பர் 27 மாவீரர் நாள், போரில் இறந்த விடுதலைப் புலிப் போராளிகளை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நினைவுகூரும் நாள். அன்று மாலை 6.05க்கு மணி ஒலிக்கும். 6.06க்கு அகவணக்கம் (மௌன அஞ்சலி). 6.07க்கு முதல் சுடர். இந்த இரண்டு நிமிடத்துக்காக இருபது, முப்பது வருடம் கழித்து லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள்: தம்பியைப் புதைத்த அக்கா, கூட நின்றவனைத் தூக்கி வந்த முன்னாள் போராளி, தகப்பனைக் கண்டிராத பிள்ளை. பிழை நடப்பது பெரும்பாலும் அதற்கு முந்திய பத்து நாளிலும் பிந்திய இரண்டு நாளிலும்தான். நீங்கள் மூன்று கிழமையில் விமானம் ஏறிவிடுவீர்கள். உங்களோடு நின்று விளக்கேற்றிய அம்மாவின் வீட்டுக்குத்தான் விசாரிக்க ஆள் வரும். எதைச் செய்வது, எதை விடுவது என்று குழம்பினால் அந்த வீட்டு வாசலில் நின்று யோசியுங்கள்.

டிக்கெட் எடுக்க முதல் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அகதி அந்தஸ்தில் இருப்பவர் இலங்கைக்குப் போய் வந்தால் அந்த அந்தஸ்தே பறிபோகலாம். அகதிப் பயணப் பத்திரம் சாதாரணமாகச் சொந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. "பக்கத்து வீட்டு அண்ணை போய்வந்தவர்தானே" என்பது சட்ட ஆலோசனை ஆகாது. அவர் எந்த நாட்டுக் குடியுரிமையில் போனார் என்று கேளுங்கள். இரண்டாவது, இலங்கை அரசு 2014 முதல் வர்த்தமானியில் (அரச இதழில்) வெளியிட்டுவரும், ஆட்களினதும் அமைப்புகளினதும் தடைப்பட்டியல். அது இடைக்கிடை மாறும், ஆகவே புதியதைப் பாருங்கள். மூன்றாவது, இயக்கத்தில் இருந்தவர்கள். புலிகள் இயக்கம் அங்கே தடைசெய்யப்பட்டது, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் ஆட்களை நீண்ட நாள் தடுத்துவைக்க இடமுண்டு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் மறித்துக் கேட்டால் யாரை அழைப்பது என்று கொழும்பில் ஒரு சட்டத்தரணியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இலக்கம் கைபேசியில் மட்டும் இருந்தால் போதாது, கைபேசியைத்தான் முதலில் வாங்குவார்கள். கடதாசியில் எழுதி ஒரு பிரதியை வீட்டிலும் விட்டுப்போங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் உடனடி அழைப்பு 1996.

இனி எந்த இடம் என்பது. துயிலும் இல்லங்கள், அதாவது புலிகள் தங்கள் போராளிகளைப் புதைத்த மயானங்கள், போருக்குப் பின் இடித்து அழிக்கப்பட்டவை. சிலவற்றில் மக்கள் திரும்பக் கூடித் துப்புரவாக்கி விளக்கேற்றுகிறார்கள். கிளிநொச்சி கனகபுரம், விசுவமடு தேராவில், முள்ளியவளை, வன்னிவிளாங்குளம், முழங்காவில், மன்னார் ஆட்காட்டிவெளி, கிழக்கில் தரவை, மாவடிமுன்மாரி, கஞ்சிகுடிச்சாறு எல்லாம் அப்படி. கோப்பாய் வேறு கதை: அந்தக் காணியில் 2011இல் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது, சனம் அருகிலுள்ள நிலத்தில் நின்று ஏற்றுகிறது. அங்கே படம் எடுப்பவர் முகாம் மதிலோ காவலரணோ சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு சில இடங்களிலும் முகாம் அப்படியே இருக்கிறது. ஆகவே "எங்கட ஊருக்குக் கிட்ட" என்று நினைத்துப் புறப்படாமல், அந்த வருடம் எங்கே ஏற்றுகிறார்கள் என்று ஏற்பாட்டுக் குழுவிடம் கேளுங்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமைக்கு முதலே சிரமதானம் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை) தொடங்கிவிடும். அந்த நாட்களில் ஒரு மண்வெட்டியோடு போய் நிற்பவருக்குக் கிடைக்கும் தகவல் 27ஆம் தேதி பின்னேரம் வேனில் இறங்குபவருக்குக் கிடைக்காது.

கல்லறையைத் தேடுவது அடுத்த சிக்கல். துயிலும் இல்லத்தில் இரண்டு வகை இருந்தன: உடல் விதைத்த கல்லறை, உடல் கிடைக்காதவருக்கு வைத்த நினைவுக்கல். உங்கள் ஆளுக்கு எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இடித்த கற்களை ஒதுக்கிக் குவித்த இடங்களில் வரிசைகூட மிஞ்சவில்லை. பழைய படம் இருந்தால் கல்லைப் பார்க்காமல் பின்னணியைப் பாருங்கள்: வாசல் எந்தப் பக்கம், எந்த மரம், எத்தனையாவது நிரை. மரம் நின்றால் நடந்து அளக்கலாம். நிச்சயமாகத் தெரியாவிட்டால் ஊகித்த இடத்தில் ஏற்றுவதே வழக்கம், பக்கத்தில் நிற்கும் குடும்பமும் அப்படித்தான் ஏற்றுகிறது. உடைந்த கல்லில் பெயர் தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டு கல்லை அங்கேயே விடுங்கள். அது வேறு ஒருவர் தேடி வரும் கல்லாகவும் இருக்கலாம்.

கூட இருந்தவர்களுக்கு இன்னொரு வில்லங்கம், இயக்கப்பெயர் மட்டும் தெரிந்திருப்பது. ஒரே பெயரில் பலர் இருந்தார்கள். பெயர், வீரச்சாவு நாள், இடம், சொந்த ஊர் என்று நான்கில் குறைந்தது மூன்று பொருந்தாமல் யாருடைய வீட்டுக்கும் போகாதீர்கள். பிழையான அம்மாவின் படியில் ஏறி "உங்கட மகனோட நான் நின்றனான்" என்று சொல்லிவிட்டால் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

சரியான வீடு என்றாலும் நேரே போகக் கூடாது. உறவுக்காரர், பங்குத்தந்தை அல்லது அந்த ஊர் ஆசிரியர் யாரேனும் முதலில் போய், வரலாமா என்று கேட்கட்டும். வரவேண்டாம் என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு: மற்றப் பிள்ளை அரசாங்க உத்தியோகம், மருமகனுக்கு விஷயம் தெரியாது, அல்லது ஏற்கெனவே போதும் போதுமென்று விசாரணை. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். போனால் பகலில், வாடகை வேனைத் தெருமுனையில் விட்டு நடந்து போங்கள். பழமும் பிஸ்கற்றும் போதும். எப்படி இறந்தான் என்பதை அம்மா கேட்கும்வரை சொல்லாதீர்கள். கேட்டாலும் கேட்ட அளவுக்கு மட்டும். சில அம்மாமார் கடைசி நேரத்தில் என்ன சாப்பிட்டான் என்றுதான் கேட்பார்கள். உதவிக் காசை எல்லாருக்கும் முன்னால் நீட்டாமல், புறப்படும்போது வீட்டுப் பெரியவரின் கையில் கொடுங்கள். வெளிநாட்டில் நினைவேந்தல் என்று பொதுவில் காசு சேர்த்துக் கொண்டுபோவது வேறு, அது நீங்கள் வாழும் நாட்டுச் சட்டத்திலும் இலங்கைச் சட்டத்திலும் மாட்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை) செய்யாத, படத்துக்கு மாலை போடாத வீடு என்றால் அதற்குப் பொருள் உண்டு: அந்தத் தாய் இன்னும் காத்திருக்கிறார். "ஆத்மா சாந்தி" என்ற சொல்லே அங்கே வரக் கூடாது. மரணச் சான்றிதழ் வேண்டாமென்று மறுக்கும் குடும்பங்களுக்காக 2016 முதல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று உண்டு. காணி, வங்கி அலுவல்களுக்கு அது உதவும். கேட்டால் சொல்லுங்கள், நீங்களாக எடுத்துக் கொடுக்க ஓடாதீர்கள்.

விளக்கு. இதில்தான் வெளிநாட்டிலிருந்து வாசனை மெழுகுதிரி கொண்டுவந்தவர்கள் ஏமாறுவார்கள். நவம்பர் கடைசி வன்னியில் அடைமழைக் காலம். 2008இல் நிஷா, 2025இல் டிட்வா என்று புயல் வந்ததும் இதே கிழமையில். மெழுகுதிரி காற்றில் நிற்காது, சின்ன அகல் தூறலில் நிற்காது. ஊர்க்காரர் செய்வதைச் செய்யுங்கள்: இரண்டடி வாழைக்குற்றியை நிலத்தில் இறுக்கி நட்டு, மேலே குடைந்து, அதில் பாதிச் சிரட்டையை இருத்துவது. பழைய வேட்டித்துணியைச் சுண்டுவிரல் தடிப்பில் முறுக்கி முதல்நாளே தேங்காய் எண்ணெயில் ஊறப் போட வேண்டும். ஊறாத திரி உடனே பற்றி, துணி கருகி அணைந்துவிடும். திரியின் அடி சிரட்டையின் அடியைத் தொடக் கூடாது. மழைநீர் எண்ணெய்க்குக் கீழே போய்த் தங்கும், திரி அதைத்தான் முதலில் உறிஞ்சும், பிறகு சடசடவென்று வெடித்து நூரும். ஆகவே திரியை விளிம்போடு படுக்க வைத்து, நுனி அரை அங்குலம் வெளியே நிற்க விடுங்கள். அப்படியும் நீர் கோத்தால் சிரட்டையைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் புது எண்ணெய் விடுவதே சுகம், அதற்காக ஒரு போத்தல் கூடுதலாக இருக்கட்டும். நுனியில் ஒரு கட்டி கற்பூரம். இரண்டு நெருப்புப்பெட்டியைத் தனித்தனிப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். எரிகிற விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது, சுற்றிலும் சாரி கட்டிய அம்மாமாரும் பிள்ளைகளும் நிற்பார்கள்.

நாலு மணிக்கே போய்விடுங்கள். வாகனம் தூரத்தில் நிற்கும், சேறு முழங்கால்வரை வரலாம், செருப்பை வெளியே கழற்ற வேண்டும், திரும்பும்போது இருட்டு. ரோர்ச் லைற் அவசியம். கார்த்திகைப்பூ (காந்தள்) பிடுங்கினால் கையைக் கழுவுங்கள், அதன் கிழங்கும் இலையும் எல்லாமே நஞ்சு.

படம், கொடி, பாட்டு விஷயத்தில் சுருக்கமாக: சீருடைப் படம் வேண்டாம், பள்ளிக்கூட அடையாள அட்டைப் படமோ கலியாணவீட்டுப் படமோ கொண்டுபோங்கள். புலிச்சின்னம் உள்ள எதுவும் வேண்டாம், கைபேசியிலும் வேண்டாம். 2024 நினைவேந்தலை ஒட்டி முகநூலில் படங்கள் பகிர்ந்ததற்காகச் சிலர் கைதானார்கள். மற்றவரின் முகம் தெரிய நேரலை விடுவது பண்பும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பொலிஸ் நீதிமன்றத் தடையுத்தரவோடு வந்தால் வாசித்து, யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வாக்குவாதத்தை உள்ளூர்ச் சட்டத்தரணியிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாரும் ஒரே இயக்கத்தில் சாகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மற்ற இயக்கங்களின் நினைவு நாள் வேறு: ரெலோவினருக்கு மே 6, ஈபிஆர்எல்எவ்வினருக்கு ஜூன் 19, புளொட்டினருக்கு ஜூலை 16. 2009இல் போரின் கடைசி நாட்களில் போனவர்களுக்குப் பெரும்பாலும் கல்லறையே இல்லை. அவர்களுக்காகச் சனம் மே 18இல் முள்ளிவாய்க்காலுக்கு வந்து உப்புக் கஞ்சி குடிக்கும். பொது இடமே வேண்டாம் என்பவர்கள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் கடன் கழிக்கிறார்கள், கத்தோலிக்கர் இறந்தோர் நாளான நவம்பர் 2இல் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள்.

நண்பன் விழுந்த இடத்தைக் காட்டுக்குள் தேடிப் போக நினைப்பவர்கள் கண்ணிவெடிப் பலகைக்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். மண்ணும் கிண்டாதீர்கள், புதையல் தங்கம் தேடுகிறீர்கள் என்றுதான் பிடிப்பார்கள். எலும்போ சீருடைத் துண்டோ கண்ணில் பட்டால் தொடாமல் சட்டத்தரணி மூலம் நீதவானுக்கு அறிவியுங்கள். 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க்குழாய்க்கு வெட்டும்போது தெரிந்த எச்சங்கள் அப்படித்தான் 52 பேரின் புதைகுழியாக வெளிவந்தன.

28ஆம் தேதி காலை ஒருமுறை திரும்பப் போங்கள். பொலித்தீன், கம்பி, போத்தல் எல்லாம் பொறுக்க வேண்டும். வாழைக்குற்றியை மாடு தின்ன வரும், அதற்கு முதல் எண்ணெய்த் திரிகளை எடுத்துவிடுங்கள்.