ஜீப்புக்கு வழி பார்த்தோம், படுக்க இடம் பார்க்கவில்லை

எங்கள் ஜீப் கிளப் முதன்முதலாகத் தருமபுரிப் பக்கம் கூடியபோது பாதைக்காக மூன்று வாரம் மெனக்கெட்டோம். எந்த ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர், எந்த மேட்டில் டயர் வழுக்கும், யார் வண்டியில் வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள்) இருக்கிறது, யாரிடம் இழுவைப் பட்டை இருக்கிறது என்று தாள் தாளாகக் குறித்தோம். இரவு எங்கே படுப்பது என்பதற்கு மட்டும் ஒரே வரி இருந்தது: பாலக்கோடு அருகே தோப்பு. பதினெட்டு வண்டி, நாற்பத்தொரு பேர், அதில் இரண்டு கைக்குழந்தை. அந்த ஒரு வரி எங்களை விடிய விடிய உட்கார வைத்தது.

வண்டி சேற்றில் சிக்கினால் இன்னொரு வண்டி வந்து இழுத்துவிடும். தவறான இடத்தில் போட்ட முகாமை இரவு பதினொரு மணிக்கு எந்த வின்ச்சும் இழுக்காது. அதற்குப் பிறகு தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பல முறை கூடியிருக்கிறோம். நாங்கள் செய்த தவறுகளையும், பிற குழுக்கள் செய்யப் பார்த்தவற்றையும் இங்கே சொல்கிறேன்.

பெரிய தவறு, காட்டோரம் எல்லாம் பொதுநிலம் என்று நினைப்பது. அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை என்று வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதைப் பார்த்ததும் கூடாரம் போடக் கை துறுதுறுக்கும். அந்தப் பச்சையில் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்ற இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள். முதலாவது 2014-இல் அறிவிக்கப்பட்டது, ஏறக்குறைய 504 சதுர கிலோமீட்டர். இரண்டாவது 2022-இல் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். சரணாலயத்துக்கு வெளியே இருப்பதிலும் பல காப்புக்காடுகள். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். அடுப்பு மூட்டினால் இன்னொரு குற்றம். வண்டியையும் பறிமுதல் செய்ய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

"மலையேற்றத்துக்கு அரசே பாதை திறந்துவிட்டதே" என்று ஒருவர் கேட்டார். 2018-இல் குரங்கணியில் காட்டுத்தீயில் அத்தனை பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன, ஒதுக்கப்பட்ட பாதைகளும் வந்தன, உண்மைதான். அவை நடந்து போகிறவர்களுக்கு, வழிகாட்டியோடு, பகல் நேரத்தில். பதினெட்டு டீசல் எஞ்சின்களுக்கு அல்ல. ஊர்க்காரர் ஒருவர் "நான் பார்த்துக்கொள்கிறேன், வாருங்கள்" என்று சொல்வது அனுமதி ஆகாது. அவருக்கு உரிமையுள்ளது அவர் பட்டா நிலத்தில் மட்டும்தான். ஆகவே வண்டி ஓட்டுவதும் படுப்பதும் பட்டா நிலத்தில் என்று முடிவு செய்யுங்கள். நில உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஊராட்சித் தலைவருக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பதினெட்டு ஜீப்புகள் வரிசையாக ஊருக்குள் நுழைந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பட்டா நிலம் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக்கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கும். ராகி கதிர் முற்றும் நேரம் அது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்க விவசாயிகள் பரண் கட்டி, தகரம் தட்டி, தூங்காமல் காவல் இருப்பார்கள். அந்த மாதங்களில் காட்டை ஒட்டிய வயலில் கூடாரம் போட்டு, சர்க்கரையும் பலாச்சுளையும் வாழைத்தாரும் வெளியே வைத்துவிட்டுப் படுப்பவர்களை என்ன சொல்வது? யானைக்கு மோப்பம் தூரத்திலிருந்தே தெரியும். உணவுப் பொருள் எல்லாம் வண்டிக்குள் பூட்டப்பட வேண்டும் என்பார்கள் சிலர். யானை புழங்கும் காலத்தில் எனக்கு அதுவும் போதாது. அந்தப் பருவத்தில் காட்டோரத்தில் முகாமே வேண்டாம். லாட்ஜில் படுங்கள்.

யானையை விடப் பயப்பட வேண்டியது யானைக்குப் பயந்து போட்ட கம்பி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. யானையையே சாய்த்த கம்பிக்கு, இருட்டில் செருப்புக் காலோடு ஒதுங்கப் போகிற மனிதர் எம்மாத்திரம்? பக்கத்து வயல் யாருடையது, அங்கே கம்பி ஓடுகிறதா என்று பகலிலேயே உரிமையாளரோடு எல்லையைச் சுற்றி நடந்து பார்த்துவிடுங்கள். பார்த்த எல்லையில் வெள்ளைத் துணியோ கயிறோ கட்டி, இரவில் அதைத் தாண்டக்கூடாது என்று குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இனி தண்ணீர். ஒகேனக்கல் தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். அங்கே ஆற்றங்கரை மணலைப் பார்த்தால் யாருக்கும் அங்கேயே படுக்கத் தோன்றும். நம் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லாமலே காவிரி பெருகும். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் திறக்கப்பட்டால், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் எல்லையில் நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலுவில் அளவு ஏறும், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டம் நின்றுபோகும், மணல் மறையும். புறப்படும் முன் பிலிகுண்டுலு நீர்வரத்தைச் செய்தியில் பார்ப்பது எங்களுக்கு இப்போது டயர் காற்றுப் பார்ப்பது போலப் பழகிவிட்டது. ஆற்றுப் படுகையில் படுக்கவே கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, கோடையானாலும் சரி.

ஏரிக்குக் கீழே படுப்பதும் அப்படித்தான். ஊர் ஏரிக்குக் கீழே நிழலும் சமதரையும் இருக்கும், இழுக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் காகிதக் கப்பல் போலப் போனதை நாடே பார்த்தது. ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் அந்தத் தண்ணீரில் நிற்காது. ஏரி எந்தப் பக்கம் கோடி போகும், அதாவது நிரம்பினால் உபரி நீர் எந்தப் பக்கம் வழியும் என்று ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். அவர் காட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மேட்டில் இடம் பாருங்கள்.

இப்போது அந்தத் தோப்புக்கு வருகிறேன். மாந்தோப்பு நல்ல இடம்தான்: நிழல், கிணறு, வண்டி வரப் பாதை. ஆனால் உழுத தோப்பா, உழாத தோப்பா என்று நாங்கள் கேட்கவில்லை. டிராக்டர் புரட்டிப்போட்ட செம்மண் காய்ந்திருக்கும்போது மெத்தை. இரவு ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. பத்து மணிக்கு அது பிசைந்த மாவு. பள்ளமான மூலையில் போட்ட ஆறு கூடாரங்களுக்குள் தண்ணீர் வந்தது. கூடார ஆணியை விரலால் பிடுங்க முடிந்தது. ஈரத்தோடு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வண்டிக்குள் உட்கார்ந்தோம்.

கொசு மொய்த்தது. ஆளுக்கொரு பக்கம் கொசுவர்த்தி கொளுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் குடையும் டார்ச்சுமாக ஒரு அம்மா வேலியோரம் வந்து நின்றார். "அதை அணைத்துவிடுங்கள் தம்பி, என் புழு செத்துப்போகும்" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. அணைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனோம். இருபதடி தள்ளி அவருடைய புழு மனை. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு முழுக்க விரல் நீளப் பட்டுப்புழுக்கள், மல்பெரி இலையை மென்றுகொண்டு. ஆயிரக்கணக்கான வாய்கள் மெல்லும் சத்தம் கூரையில் விழுகிற சாரலைப் போல் இருந்தது. வெளியே பெய்கிற மழை எது, உள்ளே பெய்கிற மழை எது என்று ஒரு கணம் தெரியவில்லை. இன்னும் நான்கு நாளில், கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் ஏற்ற வேண்டிய புழு என்றார். கொசுவர்த்தி, பூச்சி மருந்து, சிகரெட் புகை எதையும் அது தாங்காது. ஒரு மாத உழைப்பு ஒரு சுருளில் போயிருக்கும்.

ஆகவே தோப்பு பார்க்கப் போகும்போது பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் புகை எழுப்பும் எதுவும் வேண்டாம், கொசுவலை போதும். முகாம் நெருப்பும் வேண்டாம். மாமரத்தடியில் நெருப்பு போட்டால் இலை கருகும், அந்தக் கோபம் உரிமையாளருக்கு எளிதில் தீராது.

இன்னொன்று, தோப்பு உரிமையாளர் சரி என்று சொல்லிவிட்டார் என்பதால் காரியம் முடிந்துவிடவில்லை. காய்ப்புக் காலத்தில் பெரும்பாலும் தோப்பு வியாபாரியிடம் குத்தகைக்குப் போயிருக்கும். நிலம் இவருடையது, காய் அவருடையது. மே முதல் ஜூலை வரை நள்ளிரவில் காவலாளி கம்போடு வந்து நின்றால் தவறு அவருடையது அல்ல. ஒரு பெங்களூரா மாங்காய் உதிர்ந்து கிடந்தாலும் எடுக்காதீர்கள். கேட்டால் அவரே ஒரு கூடை கொடுப்பார்.

தரையில் படுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கட்டுவிரியன் உண்டு. அது இரவில் நடமாடும், தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்தது சில நேரம் வலிக்கவே வலிக்காது. கூடாரத்தின் ஜிப் எப்போதும் மூடியே இருக்கட்டும். கடி என்று சந்தேகம் வந்தாலே கட்டுப்போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முகாமிலிருந்து அந்த மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று முன்பே ஓட்டிப் பார்த்துவைத்திருங்கள். அஞ்செட்டிக் காட்டுப் பாதைகளில் பல இடங்களில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது.

குடிநீரைச் சுருக்கமாக முடிக்கிறேன். தருமபுரி மண்ணின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இரண்டு நாள் குடித்தால் பல்லில் கறை படியாது. ஆனால் கொதிக்கவைத்தால் சுத்தமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், கொதிக்கக் கொதிக்க ஃபுளோரைடு செறிவுதான் கூடும். கேன் தண்ணீரைக் கூடவே ஏற்றிக்கொள்ளுங்கள்.

லாட்ஜ் என்று முடிவெடுத்தவர்களும் தப்பவில்லை. சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பி, காலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் இறங்கி, உடனே அறை எடுத்தோம். அந்த லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு. மறுநாள் காலை ஐந்துக்கே கணக்கு முடிந்தது, ஞாயிறு மதியம் வரை தூங்கியதற்கு இரண்டு நாள் வாடகை. இதைக் கேட்காமல் விட்டது எங்கள் தவறு. ஓசூர் அறைகள் வார நாட்களில் தொழிற்சாலைக்கு வருபவர்களால் நிறையும். ஒகேனக்கல் வார இறுதியிலும், ஆடிப்பெருக்கின்போதும் நிறையும். முகூர்த்த நாட்களில் எந்த ஊரிலும் கல்யாண வீட்டார் மொத்தமாக அறை பிடித்துவிடுவார்கள். நாள்காட்டியைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள்.

வண்டி நிறுத்துமிடம் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. மஹிந்திரா தார் ஜீப் ஆறடி உயரம். மேலே கேரியரும் கூரைக் கூடாரமும் ஏறினால் ஏழடியைத் தாண்டும். அடித்தள நிறுத்துமிடத்தின் வாசலில் உள்ள உயரத் தடுப்புக் கம்பி பல இடங்களில் ஏழடி. ஒரு நண்பரின் புதுக் கூடாரம் அந்தக் கம்பியோடு போனது. திறந்த முற்றம் இருக்கிறதா, சேறு கழுவக் குழாய் இருக்கிறதா என்று அறையைக் கேட்பதற்கு முன்பே கேளுங்கள்.

இதையெல்லாம் பட்ட பிறகு நாங்கள் கண்டுபிடித்த வழி, கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் சும்மா கிடக்கும், வாடகையும் இறங்கும். அம்மியும் பறக்கும் ஆடிக்காற்றில் கூடாரம் எங்கே நிற்கப்போகிறது? மார்கழிக் குளிரில் ஓசூர்ப் பக்கம் தரையில் படுத்தவருக்கும் தெரியும். மண்டபத்தில் கூரை உண்டு, மணமகன் அறை, மணமகள் அறை என்று குழந்தைக்காரர்களுக்கு இரண்டு அறை உண்டு, பத்துப் பதினைந்து கழிப்பறைகள் உண்டு, பெரிய அடுப்புள்ள சமையலறை உண்டு, முன்னால் இருபது வண்டி நிற்கும் மைதானமும் உண்டு. நாற்பது பேருக்கு இதைவிட வசதி வேறெங்கே கிடைக்கும்? முகாம்தான் வேண்டும் என்பவர்கள் அந்த மைதானத்திலேயே கூடாரம் போட்டுக்கொள்கிறார்கள், மழை வந்தால் உள்ளே ஓடி வருகிறார்கள்.

மண்டபத்திலும் கேட்க வேண்டியவை உண்டு. மின்கட்டணமும் துப்புரவுக் கூலியும் தனியா, ஜெனரேட்டர் டீசல் யார் செலவு, அசைவம் சமைக்க விடுவார்களா. கடைசிக் கேள்வியை முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், கோழியோடு வந்து நின்று கேட்க வேண்டாம். பாத்திரங்களை எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுங்கள். போன மார்கழியில் எங்கள் கணக்கில் ஒரு சாம்பார்க் கரண்டி குறைந்து, அதற்குப் பணம் கட்டிவிட்டு வந்தோம். மூன்று மாதம் கழித்து ஒரு மாருதி ஜிம்னி வண்டியின் பின்னிருக்கைக்கு அடியில், இழுவைப் பட்டையோடு சுற்றிக்கொண்டு கிடந்தது.